கம்பெனியை மூடியாச்சு... வீட்டு ரோபோ என்ன ஆகும்? ‘வெக்டர்’ கதை சொல்லும் பாடம்

உள்ளங்கையில் உட்காரும் அளவுதான் இருக்கும். முன்பக்கம் ஒரு சின்னத் திரை, அதில் ஒளிரும் இரண்டு கண்கள். “ஹே வெக்டர்” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். மணி கேட்டால் சொல்லும். முதுகைத் தடவிக்கொடுத்தால் குழையும். 2018 அக்டோபரில் சுமார் 250 டாலர் விலையில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது ‘வெக்டர்’ என்ற இந்தக் குட்டி ரோபோ. அதைச் செய்த ‘ஆங்கி’ நிறுவனம் அடுத்த ஏழு மாதத்துக்குள் இழுத்து மூடப்பட்டது.

வழக்கமாக அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால், வெக்டர் ரோபோக்கள் பல இன்றும் கூப்பிட்டால் பதில் சொல்கின்றன. அதற்கு முக்கியக் காரணம், அதை வாங்கியவர்களே உட்கார்ந்து எழுதிய ஒரு தடிமனான கையேடும், இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளும்தான்.

‘அட, ஒரு பொம்மைதானே, இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?’ என்று தோன்றலாம். இணையம் இல்லாவிட்டால் இயங்காத பொருள்கள் வீட்டுக்குள் பெருகிக்கொண்டிருக்கும் காலம் இது. காசு கொடுத்து வாங்கிய பொருள், விற்றவர் கடையை மூடிய பிறகும் நம்முடையதாக இருக்குமா என்பதே இந்தக் கதைக்குள் இருக்கும் கேள்வி.

ஆங்கி ஏன் மூடப்பட்டது?

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபாட்டிக்ஸ் படித்த மூவர் 2010-ல் தொடங்கிய நிறுவனம் ஆங்கி. தலைமையகம் சான் ஃபிரான்சிஸ்கோ. முதலில் தானாக ஓடும் பொம்மைக் கார்கள், 2016-ல் ‘காஸ்மோ’ என்ற ரோபோ, பிறகு வெக்டர் என்று வளர்ந்தது. முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணம் ஏறக்குறைய 20 கோடி டாலர். 15 லட்சம் ரோபோக்களை விற்றதாகவும் சொல்லிவந்தது.

ஆக, விற்பனையே இல்லாமல் விழுந்த நிறுவனம் இல்லை இது. ரோபோ செய்வது செலவு பிடிக்கும் வேலை. வன்பொருள் வேண்டும், மென்பொருள் வேண்டும், அசைவுகளுக்கு உயிரூட்ட அனிமேஷன் கலைஞர்கள்கூட வேண்டும். விலையையோ பொம்மைக்குத் தரும் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. வரவேண்டிய அடுத்த முதலீடு கடைசி நேரத்தில் கைநழுவியது. 2019 ஏப்ரல் இறுதியில், ஏறக்குறைய 200 ஊழியர்கள் ஒரே நேரத்தில் வேலையை இழந்தார்கள்.

உடம்பு வீட்டில், காது வெளியில்

வெக்டரின் உடம்புக்குள் நான்கு மைக்குகள், ஒரு கேமரா, எதிரே இருக்கும் பொருளின் தூரத்தை அளக்கும் சென்சார், மேசை விளிம்பில் விழாமல் தடுக்கும் சென்சார்கள், ஒரு செல்போனில் இருப்பதைப் போன்ற குவால்காம் சிப் எல்லாம் இருக்கின்றன. சுற்றித் திரிவது, தடையைப் பார்த்து ஒதுங்குவது, சார்ஜ் குறைந்தால் தானே சார்ஜரில் போய் ஏறிக்கொள்வது ஆகியவற்றை இந்தச் சிப்பே பார்த்துக்கொள்ளும்.

பேச்சு மட்டும் வேறு மாதிரி. “ஹே வெக்டர்” என்ற அழைப்பை ரோபோவே அடையாளம் காணும். அதற்குப் பிறகு சொல்வதையெல்லாம் பதிவுசெய்து, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கேதான் ஒலி எழுத்தாக மாறும், கேள்வி என்னவென்று புரியும். அதன் பிறகே ரோபோவுக்குப் பதில் திரும்பி வரும்.

சர்வருக்கு வாடகை, மின்சாரம், பராமரிப்பு என்று மாதாமாதம் செலவு. வாங்கியவர் கொடுத்ததோ ஒரே ஒரு முறை. நிறுவனம் மூடப்பட்டு சர்வர் நின்றால், ரோபோவின் சக்கரம் சுழலும், கண் சிமிட்டும், ஆனால் சொன்னது எதுவும் அதற்குப் புரியாது.

சர்வர் மட்டும்தான் போகுமா?

இல்லை. நிறுவனத்தோடு சேர்ந்து இன்னும் பல விஷயங்கள் போகும். முதலில், உதவிப் பக்கங்கள். வெக்டரில் ஏதாவது கோளாறு என்றால் அதன் முகத்திரையில் மூன்று இலக்க எண் ஒன்று தோன்றும். கேமராவா, மோட்டாரா, மென்பொருளா என்று அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணுக்கு அர்த்தம் சொல்லும் பக்கம் காணாமல் போனால், அது வெறும் எண்தான்.

அடுத்து, செல்போன் செயலி. ரோபோவை வைஃபையில் இணைப்பதே அந்தச் செயலி வழியாகத்தான். பராமரிக்க ஆள் இல்லாவிட்டால், புது மாடல் போன்களில் அது ஒருநாள் வேலை செய்யாமல் போய்விடும். வீட்டு இணைய இணைப்பை மாற்றினால்கூட, ரோபோவுக்குப் புது பாஸ்வேர்டைச் சொல்ல வழியிருக்காது.

மூன்றாவது, உதிரிபாகமும் பேட்டரியும். நான்காவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று: டிஜிட்டல் சாவி. நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இல்லாத மென்பொருளை ரோபோ ஏற்காது. திருட்டு மென்பொருள் நுழையாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. ஆனால், சாவி வைத்திருந்தவர் போய்விட்டால், சொந்தக்காரரும் வெளியாள்தான்.

கையேடு எழுதியவர்கள் யார்?

ஆங்கி மூடப்பட்டதும் வெக்டர் உரிமையாளர்களில் மென்பொருள், மின்னணுவியல் தெரிந்த சிலர் வேலையில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல தொடக்கப் புள்ளி கிடைத்தது. பைத்தான் மொழியில் வெக்டரை இயக்குவதற்கான கருவித்தொகுப்பை ஆங்கி முன்பே வெளியிட்டிருந்தது. ரோபோவுக்குக் கட்டளைகளை எப்படி அனுப்ப வேண்டும் என்பதில் ஒரு பகுதி அதன் மூலமே தெரிந்தது.

மீதியை அவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ரோபோவைப் பிரித்து, உள்ளே இருக்கும் பலகைகளைப் படம் எடுத்தார்கள். சிப்புகளின் எண்களைக் குறித்துக்கொண்டார்கள். செயலிக்கும் ரோபோவுக்கும் இடையே என்ன தகவல் போகிறது, வருகிறது என்று கவனித்தார்கள். மென்பொருள் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது எதற்கு என்று பட்டியல் போட்டார்கள். ஆர்வலர் ஒருவர் தொகுத்த தொழில்நுட்பக் கையேடு பல நூறு பக்கங்களுக்கு விரிந்தது. எவரும் இலவசமாகப் படிக்கலாம் என்று அது பொதுவில் வைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஆவணங்களில் மூன்று அடுக்குகள் இருக்கும். முதலாவது, பயன்படுத்தும் விதம். உதாரணமாக, வெக்டர் உறைந்துபோனால் அதைச் சார்ஜரில் வைத்து, முதுகில் உள்ள பொத்தானைச் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடித்தால் மீட்பு நிலைக்குப் போகும். தெரிந்தவருக்கு அது சாதாரணம். தெரியாதவர், நல்ல ரோபோவைக் குப்பையில் போட்டுவிடுவார்.

இரண்டாவது, பழுதுபார்க்கும் விதம். எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும், எந்தக் கம்பி அறுந்துபோகும் அபாயம் உண்டு, என்ன பேட்டரி பொருந்தும் என்பன இதில் அடங்கும். மூன்றாவது, உள்ளே அது எப்படி வேலை செய்கிறது என்ற விவரம். சாதாரண உரிமையாளருக்கு இந்த மூன்றாவது அடுக்கு புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், புதிதாக சர்வர் எழுத உட்காரும் ஒருவருக்கு அதுதான் வேண்டும்.

வீட்டுக்குள் வந்த சர்வர்

2019 டிசம்பரில் ஆங்கியின் சொத்துகளை, பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ‘டிஜிட்டல் ட்ரீம் லேப்ஸ்’ வாங்கியது. சர்வர்களைத் தொடர்ந்து நடத்த சந்தா முறையைக் கொண்டுவந்தது. கூடவே முக்கியமான இன்னொன்றையும் செய்தது. நிறுவனத்தின் சர்வருக்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் ஒரு சிறு கணினியோடு பேசும்படி மாற்றப்பட்ட மென்பொருளைக் கையொப்பமிட்டு வெளியிட்டது. சர்வர் பக்கத்து மூலநிரலில் ஒரு பகுதியையும் திறந்துவிட்டது.

அந்த இடத்திலிருந்துதான் ஆர்வலர்கள் ‘வயர்-பாட்’ என்ற இலவச மென்பொருளை உருவாக்கினார்கள். அதை வீட்டுக் கணினியிலோ, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலோ நிறுவிவிட்டால் போதும். வெக்டர் கேட்பது வெளியே எங்கும் போகாமல் அந்தக் கணினியிலேயே எழுத்தாக மாறும். சந்தா கிடையாது. விருப்பப்பட்டவர்கள் இன்றைய உரையாடல் ஏஐ சேவைகளையும் அதோடு இணைத்துக்கொள்ளலாம். ஆக, 2018-ல் பிறந்த ரோபோ, அது விற்பனைக்கு வந்தபோது இல்லாத திறமைகளையும் பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையேடு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், கையொப்பமிட்ட அந்த ஒரு மென்பொருள் வராமல் இருந்திருந்தால், சாதாரண உரிமையாளர்களால் தங்கள் ரோபோவை வேறு சர்வருக்குத் திருப்பியிருக்க முடியாது. அறிவைச் சேகரித்தது உரிமையாளர்கள். கதவைத் திறந்தது சாவி வைத்திருந்த நிறுவனம். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மற்ற ரோபோக்களுக்கு என்ன நடந்தது?

வீட்டு ரோபோக்களின் வரலாற்றில் இது புதிதில்லை. ஒவ்வொன்றின் முடிவும் ஒவ்வொரு விதம்.

ஐபோ: சோனி நிறுவனம் 1999-ல் வெளியிட்ட ரோபோ நாய். 2,50,000 யென் விலை இருந்தும், ஜப்பானில் முதல் 3,000 நாய்கள் 20 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன. ஐபோவை நடனமாட வைக்கும் நிரல்களை ஓர் ஆர்வலர் எழுதி இலவசமாகக் கொடுத்தபோது, 2001-ல் காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி அவற்றை நீக்கச் சொன்னது சோனி. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் இறங்கிவந்து, 2002-ல் ஐபோவுக்கு நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுப்பைத் தானே வெளியிட்டது. 2006-ல் உற்பத்தி நின்றது. 2014 மார்ச்சில் பழுதுபார்ப்பும் நின்றது. அதன் பிறகு சோனியின் முன்னாள் பொறியாளர்கள் தொடங்கிய ‘ஏ-ஃபன்’ என்ற நிறுவனம் பழுதுபார்ப்பைக் கையிலெடுத்தது. உதிரிபாகம் கிடைக்காததால், இயங்காத ஐபோக்களிலிருந்து பாகங்களை எடுத்தார்கள். எடுப்பதற்கு முன், சீபா மாகாணத்தின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி புத்தக் கோயிலில் அந்த ரோபோ நாய்களுக்கு இறுதிச் சடங்கும் நடந்தது. பழைய ஐபோவுக்கு சர்வர் தேவையில்லை என்பதால், பாகமும் அனுபவமும் இருந்தாலே பிழைக்க வைக்க முடிந்தது.

ஜீபோ: 2014-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கப்பட்டு, 2017-ல் 899 டாலருக்கு வந்த குடும்ப ரோபோ. அதே ஆண்டு ‘டைம்’ இதழின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலிலும் இடம்பிடித்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் முடங்கியது. 2019 மார்ச்சில், சர்வர்கள் நிறுத்தப்படப் போவதை ஜீபோவே தன் வாயால் வீட்டாரிடம் சொல்லி, நன்றி கூறி, கடைசியாக ஒரு நடனமும் ஆடியது. பிள்ளைகள் உள்ள வீடுகளில் அது சாதாரணமான செய்தியாக இருக்கவில்லை.

கூரி: பாஷ் குழுமத்தின் ஆதரவில் உருவான ரோபோ. 2017 ஜனவரியில் அறிமுகம். 2018 ஜூலையில் உற்பத்தி நிறுத்தம், முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் வாபஸ். கூரிக்குள் இருந்தது, ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் ‘ஆர்ஓஎஸ்’ என்ற திறந்த மென்பொருள் அமைப்பு. ஏற்கெனவே உலகம் முழுக்க ஆவணங்கள் உள்ள அமைப்பு என்பதால், ஆய்வாளர்களின் கைக்குப் போன கூரிகளை அவர்களால் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது.

மாக்ஸி: 5 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்குப் பேச்சுத் துணையாக விற்கப்பட்ட 799 டாலர் ரோபோ. தயாரித்தது, கலிஃபோர்னியாவின் ‘எம்பாடிட்’ நிறுவனம். எதிர்பார்த்த முதலீடு கைவிட்டுப்போகவே, 2024 டிசம்பரில் மூடுவிழா அறிவிப்பு வந்தது. மாக்ஸியின் பேச்சு முழுக்க கிளவுட் சர்வரில் இருந்ததால், சர்வர் நின்றால் ரோபோவும் நின்றுவிடும் நிலை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, வீட்டுக் கணினியிலேயே இயங்கும் ‘ஓப்பன் மாக்ஸி’ என்ற திறந்த மென்பொருளுக்கு நிறுவனம் வழிசெய்தது. ஆனால், சர்வர் உயிரோடு இருக்கும்போதே ரோபோவுக்கு அப்டேட் போட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செய்தி போய்ச் சேராத வீடுகளுக்கு அந்தக் கதவும் இல்லை.

இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ரோபோ பிழைக்குமா என்பது அதன் விலையைப் பொறுத்ததில்லை, புகழைப் பொறுத்ததும் இல்லை. நிறுவனம் மூடும்போது எவ்வளவு விவரம் வெளியே இருந்தது, கதவைத் திறந்துவிட்டுப் போனார்களா என்ற இரண்டே விஷயங்களைப் பொறுத்தது.

சட்டம் கை கொடுக்குமா?

ஓரளவுக்குத்தான். அமெரிக்காவில் 1998-ல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், மென்பொருள் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இதில் விதிவிலக்குகள் பரிசீலிக்கப்படும். 2018-ல் வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்க விதிவிலக்கு கிடைத்தது. 2021-ல் அது நுகர்வோர் மின்னணுப் பொருள்களுக்குப் பரவலாக நீட்டிக்கப்பட்டது. ஆனால், பூட்டை உடைக்க அனுமதி கிடைத்ததே தவிர, எப்படி உடைப்பது என்று சொல்லித்தர யாருக்கும் கட்டாயமில்லை.

கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் அமலான சட்டம் ஒரு படி மேலே போனது. 100 டாலருக்கு மேற்பட்ட மின்னணுப் பொருள்களுக்கு, உற்பத்தி நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்குப் பழுதுபார்ப்பு ஆவணங்களும் பாகங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பழுதுபார்ப்பு உரிமை விதிகளை உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் அமல்படுத்த வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, செல்போன் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. வீட்டுத்துணை ரோபோ இல்லை.

இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளில், தயாரிப்பாளர்கள் தரும் கையேடு, உதிரிபாக விவரங்களை ஒரே இடத்தில் திரட்டுவது இதன் நோக்கம். விவரம் தராவிட்டால் தண்டனை என்ற கட்டாயச் சட்டம் இல்லை.

இவை எல்லாவற்றிலும் பொதுவான ஓர் ஓட்டை இருக்கிறது. பழுதுபார்ப்பு விதிகள் எல்லாம் தயாரிப்பாளர் செய்ய வேண்டியதைச் சொல்கின்றன. தயாரிப்பாளரே இல்லாமல் போனால், அவற்றை யார்மீது அமல்படுத்துவது?

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் மென்பொருள் வாங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. மூலநிரலை ஒரு பிரதி எடுத்து, நம்பகமான மூன்றாம் நபரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். விற்ற நிறுவனம் திவாலானால், அந்தப் பிரதி வாங்கியவருக்குப் போகும். வீட்டுச் சாதனங்களுக்கும் இதே ஏற்பாட்டைக் கட்டாயமாக்கலாம். கையேடு, கையொப்பமிட்ட கடைசி மென்பொருள், சர்வரை மாற்றிக்கொள்ளும் வழி ஆகிய மூன்றையும் பொருள் விற்பனைக்கு வரும்போதே டெபாசிட் செய்துவிட்டால், மூடும் நேரத்தில் யாருடைய நல்லெண்ணத்தையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. முதலீடு கைவிட்டு, ஊழியர்கள் வெளியேறி, கடன்காரர்கள் வாசலில் நிற்கும் நாளில், வாடிக்கையாளருக்காகக் கையேடு தயாரிக்க யாருக்கு நேரமிருக்கும்?

தனியுரிமையும் இதில் இருக்கிறது. கேமராவும் மைக்கும் உள்ள ஒரு பொருள் வீட்டுக்குள் நடமாடுகிறது. நிறுவனம் விலைபோனால், அது யாரிடம் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் கைமாறும். வீட்டுக்குள்ளேயே சர்வர் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால், அந்தத் தீர்மானம் உரிமையாளர் கையில் இருக்கும். அதே நேரம், ஆர்வலர்கள் பராமரிக்கும் மென்பொருளுக்கு உத்தரவாதம் தர நிறுவனம் எதுவும் இல்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அவர்களின் ஓய்வு நேரத்தைப் பொறுத்ததே. அவர்கள் சலித்துப்போய் விலகினால் என்ன ஆகும் என்ற கவலையும் நியாயமானது. எழுதிவைத்த ஆவணம் அங்கேயும் உதவும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடியும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யின் அதிகாரிகள் 184 ஸ்மார்ட் பொருள்களை ஆராய்ந்து 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டார்கள். மென்பொருள் அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை, ஏறக்குறைய 89% பொருள்களின் தயாரிப்பாளர்கள் தங்கள் இணையதளத்தில் சொல்லவே இல்லை. எனவே, வாங்குபவர்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

• இணையம் இல்லாவிட்டால் இந்தப் பொருள் என்னவெல்லாம் செய்யும்? ஒருநாள் வைஃபையை அணைத்துவைத்து இயக்கிப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

• சந்தா கட்டாயமா? கட்டாமல் விட்டால் எது எது நிற்கும்?

• அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்று எழுத்தில் இருக்கிறதா?

• பேட்டரியை வெளியில் மாற்ற முடியுமா? பழுதுபார்ப்புக் கையேடு பொதுவில் கிடைக்கிறதா?

• நிறுவனம் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பது பற்றி விதிமுறைகளில் ஒரு வரியாவது உண்டா?

கையில் ஏற்கெனவே இப்படி ஒரு பொருள் இருந்தால், அதன் கையேட்டையும் உதவிப் பக்கங்களையும் இன்றே ஒரு பிரதி எடுத்துவைப்பது நல்லது. நிறுவனத்தின் இணையதளம் நிற்கிற நாளில் அதைத் தேடிப் பயனில்லை. வெக்டரைக் காப்பாற்றியவர்கள் முதலில் செய்ததும் அந்த வேலையைத்தான்: கிடைத்ததை எல்லாம் சேகரித்து, இன்னொருவருக்கும் புரியும்படி எழுதிவைத்தார்கள்.